எபிநேசர் முகத்தில் வெளிச்சம்

இன்னும் கொஞ்சம் தூக்குங்க சார், அவர் முகத்துல வெளிச்சம் பத்தல என்கிறான் கேமராக்காரன். தூக்குகிறேன். தெர்மோகோல் அட்டைக்கு என்ன கனம், ஒரு கனமும் கிடையாது, ஆனால் கால் மணி நேரம் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றால் காற்றுகூடக் கனக்கும், அதுவும் ஐம்பது வயதில், இருபது வருஷமாகத் தண்ணீர் லாரியின் ஸ்டியரிங்கை ஒடித்த கைக்கு. ஜன்னல் வழியாக வரும் வெயிலை இந்த அட்டையில் வாங்கி எபிநேசரின் முகத்தில் திருப்பிவிட வேண்டும், அவ்வளவுதான் வேலை. என்னை யாரும் அழைக்கவில்லை. வேடிக்கை பார்க்க வந்தவன் கதவோரம் நின்று பார்த்துவிட்டுப் போயிருக்கலாம். 'அண்ணா, சும்மாதான நிக்கிறீங்க, இத கொஞ்சம் புடிங்களேன்' என்று அந்த டிவி பெண் சிரித்துக்கொண்டே நீட்டியதும் வாங்கிக்கொண்டேன். நீட்டினால் வாங்கிக்கொள்வது, கேட்டால் கொடுத்துவிடுவது, இது என் பிறவிக் குணம். இந்தக் குணத்தால்தான் வியாசர்பாடி கால்பந்து மன்றத்து அறையில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, தூசி பிடித்த கோப்பைகளின் நடுவில், எபிநேசர் பிளாஸ்டிக் நாற்காலியில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்க, நான் வெளிச்சம் அடித்துக்கொண்டு நிற்கிறேன். அவருக்குப் பின்னால் அந்தப் போட்டோ, ஆளுயர ஃபிளெக்ஸில். வெள்ளைக்காரப் பையன் ஒருவன் வாயைப் பிளந்துகொண்டு புல்லில் சரிகிறான், அவனுக்கு முன்னால், நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒருவன் பந்தைத் தட்டிக்கொண்டு போகிறான், முதுகில் பதினான்கு என்று நம்பர். கீழே பெரிய எழுத்தில், மார்ச்சுக்கை நிறுத்திய தமிழன். அந்த முதுகுக்கு முன்னால் தன் முகத்தை வைத்துக்கொண்டு எபிநேசர் உட்கார்ந்திருக்கிறார். அது என் முதுகு.

என் முதுகு என்று யாரிடம் போய்ச் சொல்வது. முகமாக இருந்தால் சண்டை போடலாம். முதுகுக்கு ஏது அடையாளம், வியாசர்பாடியில் பந்தாடுகிற எவன் முதுகும் அப்படித்தான் இருக்கும், ஒட்டிப்போய், வியர்வையில் சட்டை ஒட்டிக்கொண்டு. ரோஸ்லின் மட்டும் நம்பினாள். அந்தப் போட்டோ வந்த பத்திரிகையிலிருந்து நானும் ஒன்று கத்தரித்து வைத்திருந்தேன், கல்யாணமான புதிதில் அதைக் காட்டினேன், ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, 'இது உன் முதுகுதான்யா, கோச்சிக்கினு திரும்பிப் படுத்தா தெனமும் இதத்தான பாக்கறேன்' என்றாள். பெண்டாட்டி சாட்சி சபையில் செல்லுமா? பொறாமைக்காரன் என்ற பெயர்தான் மிஞ்சும். சரி, பொறாமைதான். வயிறு எரிகிறது, முப்பத்தொரு வருஷமாக எரிகிறது, இல்லையென்று யார் சொன்னது. பட்டுப் போன்ற நீலச் சட்டை போட்டிருக்கிறார் எபிநேசர், காலரில் புது மடிப்பு, தலைக்குச் சாயம். நானும் இன்றைக்குச் சவரம் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறேன், எதற்கு என்று ரோஸ்லின் கேட்டபோது சும்மா என்றேன். சும்மா இல்லை. இன்னும் சற்று நேரத்தில் கீவ் நகரத்திலிருந்து ஓஸ்தாப் மார்ச்சுக் வீடியோவில் வரப்போகிறான். உலகமே தலையில் வைத்து ஆடிய ஓஸ்தாப் மார்ச்சுக். அவன் எபிநேசரைப் பார்ப்பான், நெற்றியைச் சுருக்குவான், இவர் இல்லையே என்பான். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் வந்தேன். அவன் வாயால் அது வந்துவிட்டால் போதும், அப்புறம் என்னைக் காட்டக்கூட வேண்டாம், காட்டினாலும் பரவாயில்லை.

லைன் கிடைக்கவில்லை. முபாரக் லேப்டாப்பைத் தட்டிக்கொண்டிருக்கிறான், எங்கள் தெருப் பையன், உக்ரைனில் ஆறு வருஷம் டாக்டருக்குப் படித்துவிட்டுச் சண்டை தொடங்கியதும் நடந்தே எல்லையைத் தாண்டி வந்தவன், அந்தப் பாஷை தெரியும் என்று டிவிக்காரர்கள் பிடித்து வைத்திருக்கிறார்கள். 'அங்க அபாயச் சங்கு ஊதியிருக்காம், அடங்கினதும் வருவாராம்' என்கிறான். சங்கு. ஆலைச் சங்கு மாதிரியா, வேறு மாதிரியா, கேட்க நினைத்துக் கேட்கவில்லை. அட்டை கொஞ்சம் சாய்கிறது, வெளிச்சம் எபிநேசரின் காதில் விழுகிறது, நிமிர்த்துகிறேன். அன்றைக்கும் இப்படித்தான் வெயில், பிப்ரவரி மாதத்துக்கு ஒவ்வாத வெயில், நேரு ஸ்டேடியத்தில் கீவிலிருந்து வந்த இளைஞர் அணிக்கும் எங்கள் சென்னை லெவனுக்கும் நட்பு ஆட்டம். எனக்குப் பத்தொன்பது வயது, அவனுக்குப் பதினெட்டு. வந்தவர்களில் எவன் பெயரும் எங்களுக்குத் தெரியாது. 'அந்த மூக்கு நீளமா இருக்கறவன நீ பாத்துக்கோ' என்றார் மேனேஜர் சுந்தரேசன் சார், அவ்வளவுதான் எனக்குக் கொடுத்த பாடம். முதல் பாதியில் மூக்கு நீளமானவன் என்னைச் சுற்றி இரண்டு முறை போனான், இரண்டு முறையும் கோல். இரண்டாவது கோலுக்குப் போகும்போது குறுக்கே விழுந்தேன், என் காலரைப் பிடித்து இழுத்துத் தாண்டினான், மூன்றாம் நம்பர் சட்டை கழுத்திலிருந்து இடுப்புவரை கிழிந்துவிட்டது. எங்களுக்கு ஆளுக்கு ஒரு சட்டைதான். மாற்றுச் சட்டை என்பதெல்லாம் டிவியில் பார்ப்பது. இடைவேளையில் சுந்தரேசன் சார் பெஞ்சில் இருந்தவர்களைப் பார்த்தார், என் அளவுக்கு எபிநேசர்தான் இருந்தார், என்னைவிட ஒரு வயது மூத்தவர், அன்றைக்கு அவரை இறக்குவதாகவே இல்லை. 'எபி, சட்டையைக் கழட்டிக் குடு.' கழற்றிக் கொடுத்தார். காய்ந்த சட்டை, சோப்பு வாசனை அடித்தது, அது இன்னும் மூக்கில் இருக்கிறது. எங்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை, தெருவில் ஆடும்போது அரை ஆட்டத்துக்கு ஒருவன் சட்டை, அரை ஆட்டத்துக்கு இன்னொருவன் என்று மாற்றிப் போட்டு வளர்ந்தவர்கள். ஆனால் ஸ்டேடியத்தில் காகிதத்தோடு உட்கார்ந்திருந்த ஆட்ட அதிகாரிக்கு நம்பர்தான் ஆள். நடு ஆட்டத்தில் நம்பர் மாறினால் விசாரணை வரும் என்று சார் பயந்து, மூன்று வெளியே, பதினான்கு உள்ளே என்று எழுதிக் கொடுத்துவிட்டார். மைக்கிலும் சொன்னார்கள், தனசீலனுக்குப் பதில் எபிநேசர். தனசீலனாகிய நான் மைதானத்தில் நின்றுகொண்டே அதைக் கேட்டேன். எபிநேசர் சட்டையில்லாமல் டிரெஸ்ஸிங் ரூமில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார், வெளியே வரக்கூடாது என்று உத்தரவு. ஆட்டத்தின் இரண்டாம் பாதியை அவர் பார்க்கவே இல்லை.

அந்த நாற்பத்தைந்து நிமிஷம். என்ன சொல்வது. அப்படி ஒரு ஆட்டம் அதற்கு முன்னாலும் ஆடியதில்லை, பின்னாலும் ஆடியதில்லை. அவன் பதினோரு தடவை வந்தான், பதினோரு தடவையும் பந்து என்னிடம். கடைசி இரண்டு தடவை அவன் கண்ணில் ஒரு பயம் தெரிந்தது, அதைப் பார்த்தவன் உலகத்தில் நான் ஒருவன்தான். மறுநாள் பத்திரிகையில் வந்தது, மூலையில், நாலே வரி, 'தனசீலன் திணறியதால் மாற்றப்பட்டார், பின்பு களமிறங்கிய எபிநேசர் எதிரணியின் முன்னணி வீரரை முடக்கினார்.' பக்கத்தில் என் முதுகு. எபிநேசர் அதைக் கத்தரித்துக்கொண்டு ஓடி வந்தார், நியாயமாகத்தான் வந்தார், அதை நான் மறைக்கக்கூடாது. 'டேய் சீலா, இது உன்னுதுடா. சார்கிட்ட சொல்லி மாத்தி எழுதச் சொல்லலாம்' என்றார். அவருக்கு அடுத்த வாரம் ஒரு அரசு அலுவலகத்தில் விளையாட்டுக் கோட்டா இன்டர்வியூ இருந்தது. எனக்கும் இருந்தது, ஆனால் எனக்குத் தைரியம், திறமை இருக்கிறவனுக்குக் கத்தரிப்பு எதற்கு. 'பரவால்லண்ணா, நீயே வச்சிக்கோ' என்றேன். நானே சொன்னேன். இந்த வாயால். ஊர் பெயர் தெரியாத ஒரு மூக்கு நீளப் பையனை நிறுத்தியது நானாக இருந்தால் என்ன, எபியாக இருந்தால் என்ன என்று அன்றைக்குத் தோன்றியது. எபிநேசருக்கு வேலை கிடைத்தது. என்னைப் பார்த்து இன்டர்வியூவில் கேட்டார்கள், நீதானப்பா ரெண்டு கோல் விட்டவன்?

அதோடு போயிருந்தால் மறந்திருப்பேன். போகவில்லையே. அந்தப் பையன் வளர்ந்தான். மூன்று வருஷம் கழித்து டீக்கடைப் பேப்பரில் அந்த மூக்கைப் பார்த்தேன், ஐரோப்பியக் கோப்பையில் ஜெர்மன்காரர்களின் மைதானத்திலேயே போய் மூன்று கோல் போட்டிருந்தான், டீ ஆறிப்போனது தெரியாமல் நின்றேன். அப்புறம் இத்தாலிக்குப் போனான், ஒரே வருஷத்தில் இருபத்தெட்டு கோல், இடது காலில், வலது காலில், தலையால், ஒருமுறை மல்லாக்க விழுந்துகொண்டே. அவன் ஒவ்வொரு கோல் அடிக்கும்போதும் வியாசர்பாடியில் எபிநேசருக்கு மாலை விழுந்தது. அங்கே அவன் ஓடுகிறான், இங்கே இவருக்குப் புகழ். ஐரோப்பாவின் சிறந்த வீரன் என்று அவனுக்குத் தங்கப் பந்து கொடுத்த அன்று மன்றத்தில் எபிநேசருக்குப் பொன்னாடை, நானும் கைதட்டினேன், எல்லாரோடும் சேர்ந்து. முழங்காலில் கத்தி வைத்து உலகக் கோப்பையைத் தவறவிட்டு, கேலரியில் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்தானே, அன்றைக்கும் எபிநேசரிடம்தான் வந்து மைக்கை நீட்டினார்கள், சார் நீங்க என்ன நினைக்கிறீங்க என்று. அவர் வருத்தப்பட்டார். என்னிடம் கேட்டிருந்தால் எந்தக் கால் என்று முதலில் கேட்டிருப்பேன். ராத்திரி மேட்ச் பார்க்கும்போதெல்லாம் எதிரணித் தடுப்பாளனுக்காக வேண்டிக்கொண்டேன், கர்த்தரே இவனை யாராவது நிறுத்தட்டும், எல்லாரும் நிறுத்திவிட்டால் எபிநேசர் நிறுத்தியது என்ன பெரிய விஷயம். மறு நிமிஷமே வேண்டுதலை வாபஸ் வாங்குவேன், நிறுத்தாதே கர்த்தரே, இவன் அடிக்க அடிக்கத்தானே நான் நிறுத்தியது பெரிதாகும். இப்படி மாறி மாறி வேண்டினால் கர்த்தர் என்ன செய்வார் பாவம். விதைத்தது நான், அறுத்தது எபிநேசர், வயலோ கீவில் இருக்கிறது. அவன் ஆட்டத்தை நிறுத்திய நாளில், கடைசி மேட்ச், அறுபதாயிரம் பேர் எழுந்து நின்று அழுதார்கள், ரோஸ்லின் தூங்கிவிட்டாள், டிவிக்கு முன்னால் நானும் எழுந்து நின்றேன், லுங்கியோடு. இனி இவன் கோல் அடிக்கமாட்டான், இனி எபிநேசர் இதற்குமேல் வளரமாட்டார் என்று ஒரு நிம்மதி. அப்படியும் டிவியை அணைக்க ஏனோ மனசு வரவில்லை.

இதையும் சொல்லிவிடுகிறேன், மனசுக்குள்தானே. நாலு வருஷத்துக்கு முன்னால் அங்கே சண்டை தொடங்கிய காலையில், லாரியில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருக்கும்போது, செல்போனில் கீவ் எரிவதைப் பார்த்தேன். ஓஸ்தாப் அங்கேதான் இருந்தான், பிள்ளைகளுக்குப் பந்து சொல்லிக் கொடுத்துக்கொண்டு. செத்திருப்பானோ என்று நினைத்தேன், நினைத்த மாத்திரத்தில் அடுத்து வந்தது என்ன தெரியுமா, அவன் செத்தால் எபிநேசரை ஒரு வாரம் டிவியில் காட்டுவார்கள். அப்படித்தான் வந்தது. தண்ணீர் நிரம்பி வழிந்து என் செருப்பை நனைத்தது. ஒரு ஊரே பற்றி எரியும்போது என் வயிறு எதற்காக எரிந்தது பார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவனுக்காக மண்டியிட்டேன், உண்மையாகவே மண்டியிட்டேன், பிழைத்துக்கொள்ளட்டும் என்று. அதிலும் சந்தேகம், அவனுக்காகக் கேட்டேனா, இல்லை, அவனும் போய்விட்டால் அந்த நாற்பத்தைந்து நிமிஷத்துக்குச் சாட்சியே இல்லை என்று கேட்டேனா. சுந்தரேசன் சார் போய்ச் சேர்ந்துவிட்டார். அன்று ஆடியவர்களில் பாதிப் பேர் எங்கேயோ, மீதிப் பேரிடம் சொன்னால் 'வுடுப்பா, எந்தக் காலத்துக் கதை' என்பார்கள். எபிநேசருக்கே இப்போது ஞாபகம் இருக்குமா? இத்தனை தடவை சொல்லிச் சொல்லி அவர் ஆடியதாகவே அவருக்கு ஆகியிருக்கும். தண்ணீர் குடிக்கிறார். இல்லை, ஞாபகம் இருக்கிறது. காலையிலிருந்து என் பக்கமே திரும்பவில்லை.

'வந்துட்டாரு, வந்துட்டாரு' என்கிறான் முபாரக். லேப்டாப்பில் முதலில் இருட்டு, அப்புறம் ஒரு சுவர், அப்புறம் அந்த மூக்கு. நரைத்துவிட்டான். முகம் வீங்கி, கண்ணுக்குக் கீழே பை, ஸ்வெட்டரின் கழுத்து தொய்ந்து கிடக்கிறது. கரண்ட் இல்லை போலிருக்கிறது, பக்கத்தில் ஒரு சின்ன பேட்டரி விளக்கு. என் நெஞ்சு அடித்துக்கொள்கிறது, பந்து வரப்போகும்போது அடித்துக்கொள்ளுமே அப்படி. டிவி பெண் குரலை உயர்த்திப் பேசுகிறாள், சென்னைக்கு வந்தீர்கள், முதல் பாதியில் இரண்டு கோல் அடித்தீர்கள், இரண்டாம் பாதியில் எபிநேசர் சார் இறங்கியதும் ஒன்றும் நடக்கவில்லை, இதோ உங்கள் முன்னால் இருக்கிறார், ஞாபகம் இருக்கிறதா? முபாரக் அதை அந்தப் பாஷையில் சொல்கிறான். ஓஸ்தாப் திரைக்கு அருகில் வந்து எபிநேசரைப் பார்க்கிறான். பார். நன்றாகப் பார். நானே வெளிச்சம் அடித்துக் காட்டுகிறேன், நன்றாகப் பார்த்து இல்லை என்று சொல்.

அவன் ஏதோ சொன்னான். முபாரக் தயங்கினான்.

"என்னப்பா சொல்றாரு?"

"இந்தியாவுக்கு வந்தது ஞாபகம் இருக்காம் மேடம். வெயில் ஞாபகம் இருக்காம். எளநி குடிச்சாராம். மேட்ச் ஞாபகம் இல்லியாம். மூணு ஊர்ல ஆடினாங்களாம், எல்லாம் கலந்துபோச்சுங்கிறாரு. தப்பா எடுத்துக்காதீங்கன்றாரு."

ஓஸ்தாப்புக்கே சங்கடமாகிவிட்டது, மரியாதைக்காரன், மறுபடி ஏதோ கேட்டான்.

"உங்களைக் கேக்கறாருண்ணா" என்றான் முபாரக் எபிநேசரிடம். "அவரை எப்படி நிறுத்தினீங்கன்னு கேக்கறாரு. சொன்னா ஞாபகம் வரலாமாம்."

எபிநேசர் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். "டைட்டா மார்க் பண்ணேன்னு சொல்லுப்பா. ஒட்டிக்கினே இருந்தேன். வுடவே இல்ல."

அங்கே அவன் தலையாட்டினான். அந்தத் தலையாட்டல் எனக்குப் புரிந்தது, பந்து ஆடாதவன் பந்தைப் பற்றிப் பேசும்போது ஆடினவன் ஆட்டுகிற தலை. அவன் நம்பவில்லை. டிவி பெண் கேமராக்காரனிடம் குனிந்து, 'இது தேறாது போல, கட் பண்ணிட்டு வேற ஸ்டோரி பாக்கலாமா' என்றாள், மெதுவாகத்தான் சொன்னாள், எனக்குக் கேட்டது. எபிநேசரின் முகத்தில் சாயம் போன மாதிரி ஆகிவிட்டது. முப்பத்தொரு வருஷமாக நான் காத்திருந்த முகம். சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஒரு நொடி இருந்தது, பொய் சொல்வானேன், இனித்தது. அடுத்த நொடி உறைத்தது. அவனுக்கு ஞாபகமே இல்லை. எபிநேசரை மட்டுமா, என்னையும் இல்லை, அந்தப் பயம், அந்தப் பதினோரு தடவை, எதுவும் இல்லை. எபிநேசர் இன்றைக்குப் பொய்யன் ஆனால், நாளைக்கு அந்த ஃபிளெக்ஸைக் கழற்றிச் சாக்கடைப் பள்ளத்துக்கு மூடி போடுவார்கள், அதோடு அந்த மேட்சே நடக்கவில்லை என்று ஆகிவிடும். திருடன் கையில் இருந்தாலாவது நகை இருக்கிறது.

"எபிண்ணா" என்று கத்தினேன். "கட்டைவெரல சொல்லுண்ணா!"

எல்லாரும் திரும்பினார்கள். எபிநேசர் இன்றைக்கு முதல் தடவையாக என்னைப் பார்த்தார். அவருக்கு எந்தக் கட்டைவிரல் என்று தெரியாது, யாருக்குமே நான் சொன்னதில்லை.

"மறந்துட்டியாண்ணா. எத்தினி தடவ நீ எங்கிட்ட சொல்லியிருக்க. முபாரக்கு, நீ சொல்லுப்பா அவருகிட்ட. இடது பக்கம் வெட்டறதுக்கு முன்னாடி அவரு இடது கை கட்டைவெரல உள்ள மடக்கி, மத்த வெரலால மூடிப்பாரு. ஒவ்வொரு தடவயும். எபிண்ணன் பந்தயும் பாக்கல, காலயும் பாக்கல. அந்த வெரலத்தான் பாத்துக்கினு இருந்தாரு. அப்டித்தான் நிறுத்தினாரு."

முபாரக் சொன்னான். சொல்லச் சொல்ல, ஓஸ்தாப் தன் இடது கையைத் தூக்கி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தான். கட்டைவிரலை மெல்ல மடக்கினான். பிறகு சிரித்தான், வயிறு குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான், கடகடவென்று பேசினான், முபாரக் பின்னாலேயே ஓடினான்: "அவரோட கோச்சு அத கண்டுபுடிச்சு, ரெண்டு வருஷம் பிராக்டீஸ்ல கட்டைவெரல பிளாஸ்திரி போட்டு ஒட்டிவுட்டாராம். அந்தப் பழக்கம் போனப்புறம்தான் இத்தாலிக்கே போனாராம். இது வெளிய யாருக்கும் தெரியாதாம் மேடம். அப்ப அவரோட ஆடினவங்களுக்கு மட்டுந்தான் தெரியுமாம். இவரு நெஜமாவே என்னை நிறுத்தியிருக்காருன்றாரு."

டிவி பெண் துள்ளிக் குதித்துக் கைதட்டினாள், எல்லாரும் தட்டினார்கள். திரையில் ஓஸ்தாப் மார்ச்சுக் எழுந்து நின்றான். எபிநேசரைப் பார்த்து இடது கட்டைவிரலை மடக்கி, கையை நெஞ்சில் வைத்துக் குனிந்தான். எபிநேசரும் எழுந்தார், கும்பிட்டார், "அது… வந்து… சீலாதான்…" என்று தொடங்கினார், கைதட்டலில் யாருக்கும் கேட்கவில்லை, அவரும் அதற்குமேல் சொல்லவில்லை.

ஓஸ்தாப் கேமராவுக்கு இந்தப் பக்கம் எட்டிப்பார்க்கிற மாதிரி கழுத்தை நீட்டி ஏதோ கேட்டான்.

"சத்தம் போட்டது யாருன்னு கேக்கறாருண்ணா" என்றான் முபாரக்.

எபிநேசர் என்னைப் பார்த்தார். நான் எபிநேசரைப் பார்த்தேன்.

"தனசீலன்னு சொல்லு" என்றார் எபிநேசர் தலையைக் குனிந்துகொண்டு. "மொத பாதி ஆடினவரு."

முபாரக் சொன்னான். ஓஸ்தாப்பின் முகம் மலர்ந்தது, கேலி இல்லை, பழைய சிநேகிதனைக் கண்ட மாதிரி, இரண்டு விரலை உயர்த்திக் காட்டினான்.

"நான் ரெண்டு கோல் அடிச்சது உங்களத் தாண்டித்தானான்னு கேக்கறாருண்ணா."

"ஆமான்னு சொல்லுப்பா" என்றேன். "ரெண்டுமே நல்ல கோல்."